மேற்குச் சன்னலின் வெளிச்சம்

கோபுரத்தின் படிகளில் பாதி தூரம் ஏறியதும் ஹார்லன் ஸ்கோகன் கண்ணை மூடிக்கொண்டார். மூடியது தப்பாகப் போயிற்று. கண் திறந்திருந்தபோது வெறும் காற்றாக இருந்தது, மூடியதும் ஆளைத் தள்ளப் பார்த்தது. மேலே குடிலைச் சுற்றி ஓடும் பலகை நடையில் நின்றபடி அவர் மனைவி வெர்னா குனிந்து பார்த்தாள்.

"கண்ணத் தொற ஹார்ல். என் பூட்ஸை மட்டும் பாரு."

"பூட்ஸ்ல சேறு இருக்கு."

"அதையே பாரு. என்ன மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே ஏறு."

"மேப்புல இடாஹோ மாநிலம் இருக்கிற மாதிரி இருக்கு."

"அப்படின்னா மேல வந்ததும் மொத வேலையா அதைத் துடைச்சிடணும். வா."

கடைசிப் படியிலிருந்து அவர் தவழ்ந்துதான் உள்ளே போனார். அறுபத்து நாலு வயதில், மனைவியின் கால்களுக்கு நடுவே புகுந்து, மூச்சிரைக்க ஒரு பலகைத் தரையில் உட்கார்ந்தார். டன்னிகன் முகட்டின் தீக்காவல் குடிலுக்குள் அவர் கால் வைப்பது, சரியாகச் சொன்னால் முழங்கால் வைப்பது, அதுதான் முதல் தடவை.

வெர்னா அந்தக் குடிலில் பதினேழு கோடைகள் இருந்தவள். காட்டில் எங்கே புகை எழுந்தாலும் பார்த்து, திசை குறித்து, ரேடியோவில் சொல்வது அவள் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் வனத்துறை அலுவலகம் காவலை நிறுத்திவிட்டுக் குடிலை இரவு வாடகைக்கு விட ஆரம்பித்தது. போன இரண்டு கோடையும் தீ மோசமாக இருந்ததால், வரும் ஜூனிலிருந்து மறுபடி ஆள் போடுவதென்று முடிவாகி, பழைய ஆளையே கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

அவள் போனிலேயே சரி சொல்லியிருப்பாள். சொல்லாமல், பனிக்காலத்துக்கு முன் வாடகைக்கு விடும் கடைசி வாரத்தில் ஓர் இரவுக்குக் குடிலைப் பதிவு செய்தாள். "ஒரு தடவையாவது வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றாள். ஹார்லன் மறுக்கவில்லை. அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. போகாதே என்று சொல்லவேண்டும். வீட்டில் சொன்னால் அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். இங்கே அடுத்த அறை கிடையாது.

அவருக்கு உயரம் ஆகாது. மர மில்லில் நாற்பது வருடம் வேலை பார்த்தும் அடுக்கிய மரத்தின் மேல் ஒருநாள் ஏறியதில்லை. வெர்னாவின் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கோபுரத்தின் அடிவரை வருவார். ட்ரூடியும் கிளின்ட்டும் அணில் மாதிரி மேலே ஓடிவிடுவார்கள். வெர்னா கீழே இறங்கி வருவாள். பாறை மேல் போர்வை விரித்து ரொட்டியும் குளிர்ந்த கோழியும் சாப்பிடுவார்கள். மலைச்சாலை மோசம் என்பதால் வெயில் சாய்வதற்கு வெகுநேரம் முன்பே அவர் கிளம்பிவிடுவார்.

முதல் கோடையில் வேலைக்குக் காரணம் இருந்தது. மில்லை மாதக்கணக்கில் மூடியிருந்தார்கள். அடுத்த கோடையில் மில் ஓடியது, ஆனாலும் அவள் போனாள். அதற்கடுத்த கோடையிலும் போனாள். ஹார்லனின் அக்கா வந்து பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "பொண்டாட்டி மலையில, புருஷன் அடுப்படியில. நல்ல குடும்பம்டா" என்பாள். ஹார்லன் சிரித்துவிடுவார். சிரிக்க அவரிடம் ஒன்று இருந்தது.

வீட்டின் பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றால் டன்னிகன் முகடு தெரியும். உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் குடில். முதல் கோடையில் ஒரு சாயங்காலம், சூரியன் இறங்கும் நேரம், அந்தப் புள்ளி பளிச்சென்று மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. அடுத்த சிகரத்துக் காவல்காரர் கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கீழே தன் மனைவிக்குக் காட்டுவார் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. வெர்னா மூட்டை கட்டும்போது கைக்கண்ணாடியை எடுத்து வைத்ததை ஹார்லனே பார்த்திருந்தார். வேறென்ன நினைப்பார்?

அன்றிலிருந்து மேகமோ புகையோ மறைக்காத நாட்களில் அநேகமாக எல்லாச் சாயங்காலமும் அது வந்தது. அவர் பிக்கப் வண்டிக்குள் கையை விட்டு முன்விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பார். பிறகு உள்ளே போய், "அம்மா குட்நைட் சொல்லிட்டா. போய்ப் படுங்க" என்பார். பிள்ளைகள் எதிர்பேச்சில்லாமல் போய்விடும். வெளிச்சம் வராத நாளில் படுக்க வைப்பது பெரும்பாடு.

குளிர்காலத்தில் வெர்னா வீட்டில் இருக்கும்போது இதைப்பற்றி அவர் வாய் திறந்ததில்லை. அந்த ஊரில் அன்பைப் பற்றிப் பேசுவது கூரையைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஒழுகினால்தான் பேச்சு. ஒழுகாத கூரையைப் பற்றி என்ன சொல்ல?

காவல் நின்றுபோன பிறகும் கோடைகள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்போகேனில் இருக்கும் மகள் ட்ரூடிக்கு இரட்டைக் குழந்தைகள். பள்ளி விடுமுறை வந்தால் வெர்னா அங்கே போய்விடுவாள். இந்த வசந்தத்தில் ஹார்லன் மில்லிலிருந்து ஓய்வு பெற்றார். இரட்டையர்களும் வளர்ந்துவிட்டார்கள். அடுத்த வருஷமாவது ஒரு கோடை முழுக்க எதிரெதிராக உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

இப்போது வெர்னா முதுகுப்பையைக்கூட இறக்காமல் நான்கு பக்கக் கண்ணாடியையும் ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் நின்று, தூரத்து மலைமடிப்புகளை இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்ப்பாள். பிறகு அடுத்த பக்கம். யாரும் கேட்காத வேலை, கூலியும் இல்லாத வேலை. அறையின் நடுவே தீயின் திசை பார்க்கும் வட்டமேசை இருந்தது. அதன் வரைபடத்தில் ஒரு பழுப்பு வளையம்.

"எவனோ இதுமேல காபி கப்ப வெச்சிருக்கான்" என்றாள். "ஒரு ஊரே அந்த வளையத்துக்குள்ள போயிடுச்சு."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்."

ஹார்லன் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே இருந்தார். தரையில் இருந்தால் சன்னல் வழியாக வானம் மட்டும்தான் தெரிந்தது. மூலையில் ஒரு சின்ன முக்காலி, அதன் கால்களுக்குக் கண்ணாடிக் குமிழ் மாட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு?"

"இடி விழும்போது ஏறி நிக்க. தரையில நின்னா மின்னல் கால் வழியா வந்துடும்."

"ரெண்டு பேர் இருந்தா?"

"கவர்மென்ட் ஒருத்தருக்குத்தான் கொடுத்திருக்கு."

"என்னை எங்க நிக்க வைப்ப?"

"உனக்குத்தான் தரையை விட்டு எழுந்திரிக்கிற எண்ணமே இல்லையே" என்றாள் வெர்னா. சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்து, தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அவள் முகம் வீட்டில் இருக்கும் முகமாக இல்லை. பத்து வயது குறைந்த முகம் என்றும் சொல்ல முடியாது. யாரோ தன்னை ஏதோ கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு ஹார்லன் சொல்ல வந்ததைச் சாப்பிடும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்.

வெயில் மஞ்சளானதும் வெர்னா எழுந்து தண்ணீர் கேனை முதுகில் மாட்டினாள். ஊற்று முகட்டின் கிழக்குச் சரிவில், கீழே, மரங்களுக்குள் இருந்தது.

"அடுப்புல விறகு போடு. குழம்பு மெதுவா சுடட்டும். நான் தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்."

"இப்பவே போகணுமா? இருட்டிடும்."

"இதான் நேரம். காத்து அடங்கியிருக்கும், அந்தப் பக்கம் நிழலாவும் இருக்கும். நான் எப்பவும் இந்த நேரத்துலதான் போவேன்."

அவள் பூட்ஸ் சத்தம் படிகளில் இறங்கிப் பாறையில் தேய்ந்து மறைந்தது. ஹார்லன் தவழ்ந்துபோய் விறகைப் போட்டார். மான்கறியும் பீன்ஸும் போட்டு வீட்டில் செய்து கொண்டுவந்த குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

அப்போது மேற்குச் சுவர் பற்றி எரிந்தது.

அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. சூரியன் எதிர்மலைக்குச் சற்று மேலே வந்து, அந்தப் பக்கத்துச் சின்னச் சின்னக் கண்ணாடிகள் அத்தனையிலும் மோதியது. பழைய கண்ணாடிகள், ஒன்றுபோல் ஒன்று சமமாக இல்லை. ஒன்று கொழுந்துவிட்டு அணைய, அடுத்தது பிடித்தது. கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சன்னல் சட்டத்தைப் பிடித்து எழுந்து வெளியே பார்த்தார். ஆற்றின் வளைவு தெரிந்தது. வளைவை வைத்து மில்லின் புகைபோக்கியைக் கண்டுபிடித்தார். அதற்கு இந்தப்பக்கம், சாம்பல் நிறத் தீற்றலாக இருந்ததில்தான் எங்கோ அவர் வீடும் துணிக்கம்பியும் இருந்தன.

இந்த நிமிஷம் அங்கே நின்றால் என்ன தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பளிச்சென்று ஒன்று வரும். அணையும். மறுபடி வரும்.

குடிலில் யாரும் கண்ணாடி காட்டவில்லை. குடிலில் அவரைத் தவிர யாருமே இல்லை. எப்பவும் இந்த நேரத்துலதான் போவேன் என்று அவள் சொன்னது, சொன்னபோது காதில் மட்டும் விழுந்தது. இப்போதுதான் உள்ளே இறங்கியது.

வெர்னா திரும்பி வந்தபோது அவர் சன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

"அட, எழுந்துட்டியே" என்றாள் அவள்.

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமுமா போவ?"

"எங்க?"

"தண்ணிக்கு. தினமும் இந்த நேரமா?"

"வெயில் சாயற நேரம். இடி மழைன்னா போக மாட்டேன். ஏன்?"

"பதினேழு வருஷமுமா?"

"பிள்ளைங்க வந்து தங்கினா அதுங்களையும் இழுத்துட்டுப் போவேன். என்ன ஹார்ல், முகம் வெளுத்துக் கெடக்கு. உயரமா?"

"உயரம் இல்ல" என்றார். பிறகு சொன்னார். துணிக்கம்பி, வெளிச்சம், வண்டி விளக்கு, பிள்ளைகளைப் படுக்க அனுப்பியது. கோர்வையாக வரவில்லை. மாற்றி மாற்றிச் சொன்னார். வெர்னா கேனை முதுகிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"நான் கைக்கண்ணாடி காட்டினேன்னு நெனச்சியா?"

"அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தாளே, அது. நீ எடுத்துட்டுப் போனத நான் பாத்தேன்."

"அத மொத வாரத்துலயே பாறையில போட்டு உடைச்சுட்டேன். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா பேசுவாளேன்னு சொல்லல." கேனை இறக்கி வைத்தாள். "வண்டி பேட்டரி வருஷா வருஷம் போச்சே. அது இதனாலயா?"

"இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே, அந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது வருஷம் கெளம்பறப்ப நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். மில் ஓடுதே, எதுக்குப் போறேன்னு. நீ பையைத் தூக்கி வண்டியில வெச்ச. சரி, இந்த மனுஷனுக்கு நான் இல்லாம ஓடுதுன்னு நெனச்சேன். எனக்கும் அது சௌகரியமாப் போச்சு, பொய் சொல்லக்கூடாது."

"ஓடல. சாயங்காலமானா நீ ஒரு வார்த்த சொல்லிடறியேன்னு இருந்தேன். அதுலயே வயிறு நெறஞ்சிடும். அதுக்கு மேல கேட்டா பேராசைன்னு தோணும்."

"அது வராம இருந்திருந்தா?"

"மொத மாசமே வந்து கீழ நின்னு கத்தியிருப்பேன்."

"கத்தியிருந்தா நான் அடுத்த வருஷம் வந்திருக்க மாட்டேன்" என்றாள் வெர்னா.

வெளிச்சம் கண்ணாடியை விட்டு இறங்கிவிட்டது. மலைகள் ஒவ்வொன்றாக நீலமாகி, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை விட வெளிறிப் போயிற்று. அவள் பழக்கதோஷத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இங்க உக்காந்து என்னத்த நெனப்ப?" என்று கேட்டார் ஹார்லன்.

"உன்னப் பத்தியான்னு கேக்கறியா?"

"ஆமா."

"ஜூன்ல நெனப்பேன். ஜூலையில புகையத்தான் நெனப்பேன். ஆகஸ்ட்ல ஒண்ணுமே நெனைக்க மாட்டேன். அதுக்காகத்தான் வந்தேன்னு நெனைக்கறேன். சாக்ஸ் எங்க, சாவி எங்க, சாப்பாடு என்னன்னு ஒரு கேள்வி கிடையாது. காலையில எழுந்தா என் தலைக்குள்ள நான் மட்டும்தான் இருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தத் தடவ நீயும் வாயேன்னு கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேரும் இருக்கலாம்னு அனுமதி கேட்டு வெச்சிருக்கேன்."

ஹார்லன் தன் கைகளைப் பார்த்தார். பலகை இடுக்கில் தெரியும் ஆழத்தைப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி முடியும் வெர்ன். ஒரு கோடை என்னால முடியாது. செத்துடுவேன்."

"தெரியும். படியில உன்னப் பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஹார்லனுக்கு இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"அன்னிக்குக் கேக்கல. இப்பக் கேக்கறேன். போகாத. அடுத்த கோடை வீட்டுல இரு."

வெர்னா எழுந்தாள். தெற்குச் சன்னலில் நின்றாள், பிறகு கிழக்கே போனாள். அந்த அறையில் நடக்க அவ்வளவுதான் இடம். அவள் கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழுவாள் என்றுகூட நினைத்தார்.

"சரி" என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரி. கேட்ட, சொல்லிட்டேன். குழம்பு அடிப்பிடிக்குது, கிளறு."

இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார். உப்பு குறைச்சல் என்று அவள் சொன்னாள்.

காலையில், கிளம்புவதற்கு முன், அடுத்து வருகிறவர்களுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போகவேண்டும். அது அங்கே தங்கும் எல்லோரும் செய்வது. பெருக்கி, குப்பையைக் கட்டி எடுத்து, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, வெர்னா கீழே கோடாரியை எடுத்தாள். ஹார்லன் இறங்கி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தார். தரையில் இருந்ததால் அவருக்கு உடம்பு சரியாகிவிட்டது. அவள் பிளந்துகொண்டே இருந்தாள். அடுக்கு அவள் இடுப்புக்கு வந்தது, அப்புறமும் அவள் நிறுத்தவில்லை.

"ஒரு நாளைக்கு வர்றவனுக்கு இவ்வளவு எதுக்கு?"

"கை ஓடுது, விடு."

"நான் கொஞ்சம் பிளக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவர் எழுந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கி அடுக்கில் வைத்தார். அவள் மூச்சிரைப்பு கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சின்னச் சத்தம் அவளிடமிருந்து வந்தது. அது களைப்பா வேறு ஏதாவதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் உள்ளதைச் சொல்வாள், நேற்று சொன்ன மாதிரியே. வண்டியில் ஏறும்போது அவள் மேலே திரும்பிப் பார்க்கவில்லை. ஹார்லன்தான் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டி, முதல் வளைவில் சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டார்.

திங்கட்கிழமை காலை வெர்னா அடுக்களைச் சுவரில் இருந்த போனை எடுத்தாள். ஹார்லன் மேசையில் காபியோடு இருந்தார். எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தார். போகவில்லை.

"இல்ல, இந்தத் தடவ முடியாது" என்றாள் வெர்னா. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முழங்காலும் நல்லா இருக்கு, கேட்டதுக்கு நன்றி." அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். "வீட்டுக்காரர் இருக்கச் சொல்றார்." மறுபடி பேசினார்கள். "ஆமா, எனக்கும் ஆச்சரியம்தான். இதுக்கு முன்னாடி கேட்டதில்ல."

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். அவள் கையிலிருந்து வாங்கி, அவ வருவா, நான்தான் தெரியாம சொல்லிட்டேன் என்று சொல்லிவிடலாம். வேறொரு நல்ல மனுஷன் அதைச் செய்திருப்பான் என்று ஹார்லனுக்குத் தோன்றியது. தானும் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவள் வேண்டும். அதற்காக வெட்கமாக இருந்தது, வெட்கமாக இருந்தும் வேண்டியிருந்தது.

அவள் போனை வைத்தாள்.

"யாரைப் போடப் போறாங்களாம்?"

"கலிஸ்பெல் ஊர்ல யாரோ ஒரு வாத்தியாராம். லீவுல வருவாராம்."

"நல்ல ஆளா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். உறைபனி விழுவதற்குள் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்தாகவேண்டும்.

ஹார்லன் காபியை முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். கொட்டகையில் இருந்த இன்னொரு மண்கிளறியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், அவள் தோண்டிக்கொண்டிருந்த பாத்தியின் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. காலால் ஒரு வாளியை அவர் பக்கம் தள்ளினாள். அது அவர் வரை வரவில்லை, பாதியில் நின்றது. அவர் நடந்துபோய் எடுத்துக்கொண்டார்.